ஆறு வாயில் ஒரு கல்

மேல்கரட்டூர் கல் யார்டில் கிடந்த கருங்கல் பிளாக் ஒன்றின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, பாலிஷ் போடுகிற சுக்பீர், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் தன் இந்தியில் 'கல்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்ன காலையில், அந்தக் கல்லின் இழைத்த முகம் அடி தெரிகிற குட்டைபோலத் தெளிந்து, உள்ளே ஓர் ஊர் தெரிந்தது. ஓலைக் கூரையும் கரும்புக் காடும் ஆற்றங்கரையில் கவிழ்த்துப் போட்ட படகும் மோட்டார் கொட்டகைமேல் காயப்போட்ட சிவப்புப் போர்வையும் தெரிந்தன. சுக்பீர் பாலிஷ் மிஷினை நிறுத்தி, இடுப்புத் துணியால் கல்லை ஒருமுறைக்கு இரண்டு முறை துடைத்து, அப்படியும் ஊர் போகாததைப் பார்த்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் வரீங்களா, கல்லுல எங்க ஊர் இருக்கு" என்று குரல் கொடுத்தான்.

யார்டின் சொந்தக்காரி வேடியம்மா அப்போது போனில் ஒரு சேலத்துக்காரனிடம், நீ கேக்கற விலைக்குக் கல் வேணும்னா ஆத்துல போய்ப் பொறுக்கிக்கோ என்று கத்திக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஜல்லிக் கூடை சுமந்தவள் அவள்; அவளை ஏமாற்றாதவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்ற நிலையிலிருந்து, ஏமாற்றியவன் ஒருத்தனைக் காட்டு பார்க்கலாம் என்ற நிலைக்கு, எவன் கையையும் பிடிக்காமல் வந்தவள். பாறைக்கு வெடி வைக்கும்போதுகூட முன்னால் ஒரு விசில் அடிப்பார்கள், வேடியம்மாவின் கோபத்துக்கு அதுவும் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அவள் கத்தினால் திருப்பிக் கத்துகிற ஆள் அந்த யார்டில் ஒருத்தன்தான் இருந்தான், அது சுக்பீர். வடக்கேயிருந்து பிழைப்புக்கு வந்து, அவளிடம் தமிழும் திட்டும் ஒன்றாகக் கற்றுக்கொண்டு, அவளை அண்டியே நடுவயதுக்கு வந்துவிட்டவன்.

போனை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"உங்க ஊரைத்தான் கங்கை அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னியே?"

"ஆமாக்கா. கரை இடிஞ்சு இடிஞ்சு, தெருத் தெருவா போச்சு. இங்க இருக்கு பாருங்க."

"இது போன ஊரா, வரப்போற ஊரா?"

"அதான் தெரியல. எங்க பேச்சுல நேத்துக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான்."

"என்ன பாஷைடா அது! கல் பணம் தரேன்னு ஒருத்தன் சொன்னா, கொடுத்துட்டானா, கொடுக்கப் போறானா?"

"பின்னாடி வர்ற பேச்சுல தெரிஞ்சிடும்க்கா. நான் பின்னாடி எதுவும் சொல்லல, வெறும் கல்னு விட்டுட்டேன்." அவன் கல்லுக்கு இன்னும் பக்கத்தில் போனான். "படகு புதுசா இருக்கு. எங்க படகு பழசு. ஆனா அந்தப் பழசும் ஒரு நாளைக்குப் புதுசாத்தானே இருந்திருக்கும்?"

"நல்லா இருக்கு நியாயம். இது கல்லுடா, கல்!" என்று வேடியம்மா அதன் தலையில் ஓங்கி ஒரு அறை வைத்தாள், அவ்வளவுதான், ஊர் அவிந்து, கருங்கல் தன் கறுப்புக்குத் திரும்பி, அவள் மூஞ்சியை அவளுக்கே காட்டியது. சுக்பீர் மறுபடி கையை வைத்து, தன் வழக்கில் 'கல்' என்றான். ஊர் வந்தது. போர்வை காற்றில் ஆடியது. அவள் தமிழில் 'கல்' என்றாள். போனது. இப்படி அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை, டீ கொண்டுவந்த மாதப்பன் பார்த்துவிட்டு, கிளாஸ்களைக் கீழே வைக்காமல் அப்படியே ஊருக்குள் ஓடினான்.

அந்தக் கல் ஏற்கனவே விலை போன கல் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மேல்கரட்டூரில் பிளாக் வாங்க வருகிறவன் முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கல்லின் மேல் வீசிவிட்டுச் சும்மா நிற்பான். ஊமைக் கீறல் இருந்தால், மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இடத்தில் மட்டும் ஈரம் ஒரு நூலாக நிற்கும். கல் தேறி விலையும் படிந்தால், விற்கிறவரும் வாங்குகிறவரும் உள்ளங்கையை நனைத்துக் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் பதிப்பார்கள். அச்சு காய்வதற்குள் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம், காய்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் பெற்ற பிள்ளை வந்து அழுதாலும் கல் வாங்கினவனுடையது. இந்தக் கல்லில் வேடியம்மாவின் கைக்குப் பக்கத்தில் காய்ந்த கை, துருக்கியிலிருந்து வருஷா வருஷம் வருகிற செலாமி பாயுடையது. மழை விட்டதும் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் சுக்பீர் மிஷினைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "இது இங்க கிடக்கிற வரைக்கும் நான் இருக்கேன்க்கா. துருக்கி பாய் ஏத்திட்டா, நானும் போறேன். அது போன ஊரா வரப்போற ஊரான்னு தேடிப் பார்க்கணும்."

"போயேன். உன்னைக் கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்?" என்றாள் வேடியம்மா. சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போனவள், அன்றைக்கு வந்த மூன்று பார்ட்டிகளிடமும் கேட்ட விலைக்குத் தலையாட்டி அனுப்பினாள். மேல்கரட்டூரில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை.

கல்லுக்குள் ஊர் தெரிகிறதாம் என்ற சேதி பரவி, அதற்கு யாரும் வாயைப் பிளக்காமல், இதனால் நமக்கு என்ன பிரயோசனம் என்று மேல்கரட்டூர் கணக்குப் போடத் தொடங்கிய நாட்களில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுவட்டக் குவாரிகளில் வேலை செய்கிற இந்திக்காரப் பையன்கள் குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்து வரிசையில் நின்று, ஒவ்வொருத்தனாகக் கை வைத்து 'கல்' என்று சொல்லி, கட்டி முடித்த கல்யாணமா கட்டப்போகிற கல்யாணமா என்று தெரியாத பந்தலையும், இறந்துபோன எருமையா இனி வாங்கப்போகிற எருமையா என்று தெரியாத எருமையையும் பார்த்துவிட்டு, திருப்தியாக டீ குடித்துப் போனார்கள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள மாதப்பனே ஒரு கயிறு கட்டினான். தமிழ்க்காரர்கள் எவரும் அந்தக் கயிற்றுக்கு உள்ளே வந்து 'கல்' என்று சொல்லக் கூடாது, சொன்னால் பார்க்கிறவன் ஊர் பாதியில் அவிந்துவிடும் என்று ஒரு கட்டுப்பாடும் வந்தது. கல்லையே தின்று கல்லையே உடுத்துகிற ஒரு ஊரில், கல் என்று சொல்லாமல் வாயை வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. 'அந்தச் சாமான்' என்றார்கள், 'கறுப்பு' என்றார்கள், அரிசி புடைத்துக் கல் பொறுக்குகிற பெண்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர் கொரியாக்காரர் யூன். பிளாக் பார்க்க வந்த இடத்தில் யாரோ கொடுத்த கொய்யாப் பழத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, தன் உதவியாளனைப் பார்த்து, கத்தி இருக்கிறதா என்று அவர்கள் பேச்சில் "கல்?" என்றார். பழம் நாலாகப் பிளந்து விழுந்தது. கல்லின் விளிம்பு ஒரு முழ நீளத்துக்கு மினுங்கியது. யூன் குனிந்து, பிளந்த பழத்தில் ஒரு துண்டை எடுத்துத் தின்று, உப்பு கேட்டார். அந்த வாரம் நடந்த மூன்று கல்யாணங்களுக்கும் வெங்காயம் நறுக்க அவரைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தார்கள். மனுஷன் முகம் சுளிக்காமல் மூட்டை மூட்டையாக நறுக்கிக் கொடுத்து, முதல் பந்தியில் உட்கார்ந்து போனார்.

"இந்திக்காரன் வாய்க்கு நேத்து, கொரியாக்காரன் வாய்க்குக் கத்தி. இன்னும் யார் யார் வாய்க்கு என்னவோ?" என்று மாதப்பன் கேட்டான் பாருங்கள், அன்றிலிருந்து ஊருக்கு அரிப்பு பிடித்துக்கொண்டது. எங்கே வேற்று முகம் கண்டாலும் வண்டியை நிறுத்தி, உங்க பேச்சுல கல்னு ஒரு வார்த்தை இருக்கா என்று கேட்டார்கள். தளிப் பக்கம் பூப்பண்ணைகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்திருந்த எபிரேயம் பேசுகிற நதாவைக் கூட்டி வந்தார்கள். அவர் கை வைத்து, எங்களிடம் இதற்குக் கனம் இல்லாதது, லேசு என்று பொருள், என்று சொல்லிவிட்டு 'கல்' என்றார். லாரி அச்சை முறிக்கிற அந்தப் பாறை, பால்மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கி, அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, முட்டி உயரத்துக்கு எழுந்து நின்றது. அதன் அடியில் இரண்டு கோழிகள் புகுந்து மறுபக்கம் வந்தன. கிரேன் ஓட்டுகிற நஞ்சுண்டன் மட்டும் கொதித்துப் போனான்.

"ஏங்க, வெள்ளைக்காரரே, ஊர்ல இருக்கிற எல்லா பிளாக்கையும் இப்படி ஊதி ஊதித் தூக்கிட்டா, நான் கிரேனை வச்சு வடையா தூக்குறது?"

"உன் கிரேன் தூக்கற லட்சணத்துக்கு வடையே பெருசு" என்றாள் வேடியம்மா. ஆனால் உடனே கல்லைத் தட்டி, தமிழில் பெயர் சொல்லி இறக்கியும் விட்டாள். கனமில்லாத கல்லுக்கு எவன் விலை கொடுப்பான்?

கர்நாடகத்துத் திபெத்திய மடம் ஒன்றில் படிக்கிற மங்கோலியத் துறவி ஒருவரை மாதப்பன் பஸ் ஏறிப் போய் அழைத்து வந்தான். அவர் நாக்கில் முதல் எழுத்து கொஞ்சம் தொண்டைக்குள் புரண்டது, நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அவர்களுக்கு அது நெருப்பு. கை வைக்காமல், சற்றுத் தள்ளி நின்று, கும்பிட்டுவிட்டுச் சொன்னார். கல் உள்ளுக்குள்ளேயே சிவந்து கனிந்தது. மாதப்பன் தயாராகக் கொண்டுவந்திருந்த பால் பாத்திரத்தை அதன்மேல் வைத்தான், பொங்கியது. துறவி ஊரில் இருந்த மட்டும் அவனுக்கு சிலிண்டர் செலவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தமிழாசிரியர் தணிகாசலம் ஒரு நாள் கயிற்றுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றுவிட்டார். "இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? எல்லாம் இங்கிருந்து போனதுதான். கல்லைத் தீட்டித்தானே கத்தி பண்ணினான்? அது கொரியாவுக்குப் போச்சு. கல்லை உரசித்தானே நெருப்பு? அது மங்கோலியாவுக்குப் போச்சு. நேத்து செத்தவனுக்குக் கல் நட்டோம், அது வடக்க போச்சு."

"அப்ப கனமே இல்லாததுக்கு எப்படி சார் கல்னு பேர் போச்சு?" என்றான் நஞ்சுண்டன்.

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "அதை நாளைக்குச் சொல்றேன்."

"நேத்தே சொல்லியிருப்பாரு, நமக்குத்தான் கேக்கல" என்றான் வரிசையில் நின்ற ஒரு இந்திக்காரப் பையன், தமிழில். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

வேடியம்மா ஆபீஸ் வாசலிலிருந்தே கத்தினாள்: "வாத்தியாரே, இந்தத் தாலுக்காவுல வேடியப்பன்னு பேர் வச்சவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். நாலு பேரும் ஒரே வயித்துலயா பொறந்தான்? அவனவன் அவனவன் வீட்டுல பொறந்தான், அவனவன் அம்மா ஆசைப்பட்ட பேரை வச்சா. கூப்பிட்டா நாலு பேரும் திரும்பறான், அதுக்காகச் சொத்துல பங்கு கேப்பீங்களா?"

வாத்தியார் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஆனால் மறுநாளும் வந்தார். யார் என்ன சொல்வார்கள், கல் என்னவாக ஆகும் என்று பார்க்காமல் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

மழை விட்டது. செலாமி பாய், நீள ட்ரெய்லர் லாரியோடு வந்து இறங்கினார். வேடியம்மா வயசுதான் அவருக்கும், அவளைப்போலவே ஒன்றுமில்லாமல் தொடங்கியவர், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், மீதி விரல் என்று அவர்கள் இருவரும் பல வருஷமாகச் சண்டை போட்டுப் பழகிய ஒரு பேச்சு இருந்தது. யார்டில் கூட்டம் நிற்பதைப் பார்த்து, கதையைக் கேட்டு, தாடையைத் தடவிக்கொண்டார். சுக்பீர் கல்லின் மறுபக்கம், சங்கிலி போடுவதற்கு இடம் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய பை ஆபீஸ் சுவரோரம் கட்டித் தயாராக இருந்தது. வேடியம்மா அந்தப் பக்கம் பார்க்காமலே காலையிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

மாதப்பனால் தாங்க முடியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "பாய், உங்க பேச்சுல கல்னு இருக்கா?"

"இருக்கிறதே" என்றார் செலாமி. விரல்களைத் துடைத்துக்கொண்டு, கல்லின் மேல் கையை வைத்து, வாசல்வரைக்கும் போய்விட்ட ஒருவரிடம் சொல்வதுபோல மெல்ல, "கல்" என்றார்.

மாதப்பனின் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவில் டீ ஒரு பழுப்புக் கயிறாக நின்றது. கிரேன்மேல் இறங்கப்போன காக்கை இறங்காமல் நின்றது. நஞ்சுண்டன் துப்பிய வெற்றிலை எச்சில் நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கும், பிறகு எல்லாம் தத்தம் காரியத்தைத் தொடர்ந்தன, கல்லைத் தவிர. நஞ்சுண்டன் சங்கிலி மாட்டித் தூக்கினான், சங்கிலி அறுந்தது. இரட்டைச் சங்கிலி போட்டான். கிரேனின் பின் சக்கரம்தான் மேலே எழுந்தது. "எங்களிடம் அதற்குப் பொருள், இரு, போகாதே" என்று செலாமி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், "என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்." ஊர் கைதட்டியது. இந்திக்காரப் பையன்கள் விசிலடித்தார்கள். "அக்கா, அதுவே போகமாட்டேங்குது, விட்டுடுங்க" என்றான் மாதப்பன். சுக்பீர், துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

செலாமி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"வேடியம்மா, இந்தக் கல் உங்களுக்கு வேண்டுமா?"

"வேணும்னா எவ்வளவு கேப்பீங்க?"

"ஒன்றும் கேட்கமாட்டேன். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் கையை அழித்துவிட்டு வெறும் லாரியோடு போகிறேன்."

"போட்ட பணத்துக்கு மேல பத்து பர்சென்ட் தரேன்."

"விலை பேசவில்லை. கேளுங்கள் என்கிறேன்."

"பதினஞ்சு."

"கேளுங்கள்."

அவள் வாயைத் திறந்தாள். கூடை சுமந்த காலத்திலிருந்து கொடுத்து வாங்கியும், பிடுங்கி வாங்கியும், விட்டுக்கொடுத்து வாங்கியும் இருக்கிறாளே தவிர, இதைக் கொடு என்று வெறுங்கையோடு எவர் முன்னாலும் அவள் நின்றதில்லை. அந்த வார்த்தை எங்கே இருக்கிறதென்று நாக்கு தேடியது, அகப்படவில்லை. நாக்குக்கு அகப்படாததெல்லாம் அவளிடம் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்ல பாய். கை காஞ்சது காஞ்சதுதான்" என்று விடுவிடுவென்று நடந்துபோய், கூட்டத்தை விலக்கி, அந்தக் கல்லின் மேல் இரண்டு கையையும் வைத்து, பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற அர்த்தத்தில், ஊருக்கே கேட்கிற மாதிரி, "கல்!" என்றாள்.

அது கல்லாயிற்று. நஞ்சுண்டன் ஒற்றைச் சங்கிலியில் தூக்கினான். கைதட்டியவர்கள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். ட்ரெய்லர் முனகி, பாலத்து வளைவில் ஒருமுறை ஹாரன் அடித்து, போய்விட்டது. கல் கிடந்த இடத்தில் புல் வெளுத்து, நீள்சதுரமாக இருந்தது. மாதப்பன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான். கூட்டம் கலைந்தது.

சுக்பீர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"வரேன்க்கா."

"ரூம் ஒழுகுதுன்னு சொன்னியே, ஓடு மாத்தித் தரேன்" என்றாள் வேடியம்மா, காகிதம் எதையோ புரட்டிக்கொண்டு.

"வேணாம்க்கா."

"சம்பளத்துல ரெண்டாயிரம் ஏத்தறேன்."

அவன் தலையாட்டினான், வேண்டாம் என்று.

"நாலு. மேஸ்திரின்னு போட்டுடறேன். எவனும் உன்னை ஏய்னு கூப்பிடமாட்டான்."

"நீங்க கூப்பிடுவீங்களே."

"நான் கூப்பிடுவேன். அதுல பேரம் கிடையாது." அவள் காகிதத்தை வைத்தாள். "வண்டி வாங்கித் தரேன். பழைய வண்டி. சரி, புது வண்டி."

"அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

திரும்பி நடந்தான். கல் கிடந்த வெளுத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான், அதன்மேல் மிதிக்காமல். வேடியம்மா எழுந்து வெளியே வந்தாள். இனி ஏற்றிக் கொடுக்க என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின, அவற்றை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. தொண்டையில் ஏதோ கிளம்பி, வழக்கம்போலக் கோபமாக மாறப் பார்த்து, மாறாமல், அப்படியே வெளியே வந்தது.

"சுக்பீரு. இரு."

அவன் நின்றான்.

"எதுக்குக்கா?"

"எதுக்கும் இல்ல. இரு."

அவன் அவளைப் பார்த்தான். அது துருக்கிக்காரர் சொன்ன 'கல்'லா, தமிழ் 'இரு'வா, அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் பார்க்கப் பார்க்க, அவளுக்குக் காது மடல்வரைக்கும் சுட்டது. இப்போது திட்டிவிடலாம் என்று நினைத்தாள். திட்டவில்லை.

"அப்ப அந்த நாலாயிரம்?" என்றான்.

"கிடையாது."

"வண்டி?"

"கிடையாது. ஒரு பைசா கிடையாது."

"ஓடு?"

"ஒழுகட்டும்."

சுக்பீர் தோளிலிருந்து பையை இறக்கி, காலடியில் வைத்தான். "ஊரை எப்பவாச்சும் போய்த் தேடிட்டு வரணும்."

"தேடிட்டு வா. யார் வேணாம்னா?"

"சரி" என்று சொல்லிவிட்டு, அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "முதல்ல அந்த மோட்டாரை நிறுத்துங்க. காலையிலேருந்து தண்ணி வீணாப் போய்க்கிட்டு இருக்கு, கேக்கறதுக்கு ஆளில்ல இந்த யார்டுல."

"ஏய், யாரைடா சொல்ற?" என்று வேடியம்மா கத்தினாள். அவனும் திருப்பிக் கத்தினான்.